வாரத்தில் எத்தனை வசூல்?

பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் புதிதாகப் போனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, யார் யார் வசூலுக்கு வருகிறார்கள்? சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் உண்மையான பதில் வராது. நேற்று அறிமுகமானவளிடம் யார்தான் சொல்வார்கள்? வசூல் நாளைக் கேட்டால் மடமடவென்று வரும். "திங்கக்கெழம காலைல ஒரு குரூப்பு, புதன்கெழம இன்னொரு குரூப்பு, தண்டல் டெய்லிக்கா, ஞாயித்துக்கெழம சீட்டு, அஞ்சாந்தேதி பிரிட்ஜ் டியூ." காலண்டர் தாளைத் திருப்பி ஏழு கட்டம் போட்டு, இதை அப்படியே எழுதிக்கொள்வேன். கட்டங்கள் நிரம்பியதும் அந்த அம்மாவே தாளை வாங்கி ஒரு முறை பார்ப்பார். மனத்தில் இருந்த கணக்குதான். ஆனாலும் மொத்தமாக ஒரே தாளில் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

இங்குள்ள குடும்பங்களின் கடன் சுமையைக் குறைக்க உதவுவது எங்கள் வேலை. அதில் மற்ற எல்லாமே அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அரசு அமைப்பு, சென்னையின் தெற்கு ஓரத்தில் மூன்று பெரிய குடியிருப்புகளைக் கட்டியிருக்கிறது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், அதற்கும் தெற்கே செம்மஞ்சேரி, பக்கத்தில் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000-ஐத் தாண்டும். லிஃப்ட் வைத்த எட்டு மாடிக் கட்டடங்கள். சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கு வந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வீட்டின் விலையில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. குடும்பங்கள் கட்டுவது சிறு தொகைதான்.

அப்படியானால் பணம் மிஞ்ச வேண்டுமே? இந்தக் கேள்வியைப் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள்.

மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி வந்தபின் காலை ஆறு மணிக்கு அங்கே போய் நிற்க முடியாது. நாலு வீடு இரண்டு வீடாகும். வருமானம் பாதியானது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்று உண்டு. அந்த நான்கு வீட்டு அம்மாக்களும் அவளுடைய வங்கி. பிள்ளைக்கு பீஸ் கட்ட இரண்டாயிரம், மாமியார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மூவாயிரம் என்று வட்டியில்லாமல் கொடுத்து, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். தெருமுனை அண்ணாச்சி கடையில் பற்று நோட்டு இருந்தது. பத்து வருடப் பழக்கத்தில் சேர்ந்த அந்த நம்பிக்கையை லாரியில் ஏற்றிக்கொண்டு வர முடியவில்லை. புது இடத்துக் கடைக்காரர் ரொக்கம் கேட்பார். அந்த வெற்றிடத்தில்தான், தினத் தவணைக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரர் பைக்கை நிறுத்துகிறார்.

மறுகுடியமர்வின் முதல் ஆண்டுக்கு வாழ்வாதாரப் படி என்று மாதம் 2,500 ரூபாய் கொடுத்துவந்தார்கள். அந்த முதல் ஆண்டில்தான் கடன் ஏறும். வாசலுக்குக் கம்பிக் கதவு, தண்ணீர் பிடிக்க டிரம், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி, சொந்தக்காரர்கள் வீடு பார்க்க வரும்போது ஒரு பிரிட்ஜ். இதில் வீண் செலவு எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுகூட இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அத்தனையும் ஒரே ஆண்டில் வரும். ஒரு குடும்பத்தைக் குடியேறி மூன்று மாதத்துக்குள் சந்தித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

தண்டல் கணக்கைச் சொல்கிறேன். பத்தாயிரம் என்று பேச்சு. கையில் வருவது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே, நூற்றுக்குப் பதினைந்து என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் கடனில் பாதித் தொகையைத்தான் அவர்கள் வைத்திருக்கிறார்கள், அதுவும் மூன்று மாதம் சொச்சத்துக்கு. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வட்டி 120 விழுக்காட்டைத் தொடுகிறது. நூறு நாளும் முடிவதற்கு முன்பே, எழுபதாம் நாள் வாக்கில், "இன்னொரு பத்து எடுத்துக்கறியாம்மா, பழைய பாக்கியைக் கழிச்சிக்கலாம்" என்று அவரே கேட்பார். பொறி இந்த மறு தண்டலில்தான் இருக்கிறது. ஒரே கடனை நான்கு வருடமாகச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறவர்கள் உண்டு.

இந்தக் கணக்கை முதன்முதலில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது கரெக்டுதாம்மா. அவன் வட்டி வாங்கறான்னு எனக்குத் தெரியாதா? காலைல மூணு மணிக்குக் காசிமேட்டுல கூடை ஏலம் கேக்கணும். அந்நேரத்துக்கு எந்த பேங்க்கும்மா தொறந்திருக்கு?" இதற்குப் பதில் இல்லாமல் தண்டலை விடச் சொல்வது வெறும் உபதேசம். நிதிக் கல்வி முகாம் என்று அவ்வப்போது நடக்கும். ஃபைல், பேனா, டீ, சமோசா. வருமானத்தில் இருபது விழுக்காட்டைச் சேமியுங்கள் என்று திரையில் காட்டுவார்கள். ஐந்து இடத்துக்குக் கட்டுகிற கணக்கை மனத்திலேயே வைத்திருக்கும் பெண்கள் கீழே உட்கார்ந்து சமோசாவைப் பிள்ளைக்கு மடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் செய்வது இது. கம்மலோ மோதிரமோ, அரைச் சவரன் இருந்தாலும் போதும். அதைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வைத்துத் தண்டலை மொத்தமாக அடைத்துவிட வேண்டும். வட்டி பத்தில் ஒரு பங்காகக் குறையும். நகை அடகுக்குப் பெண்கள் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். மானத்தோடு சேர்ந்த விஷயம் அது. கட்டாயப்படுத்தக் கூடாது. நகை இல்லாதவர்களுக்கு ஒரே வழி, ஓடிக்கொண்டிருக்கும் தண்டலை நூறு நாளும் கட்டி முடிப்பது. எழுபதாம் நாள் நீளும் கையை மறுப்பது. அந்த வாரங்களில் நான் அடிக்கடி போய்வருவேன். வேறு வேலை ஒன்றும் இல்லை, சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வருவதுதான். ஆனால் அது தேவைப்படுகிறது.

தண்டல் முடிந்த மறுநாள்தான் முக்கியமான நாள். நூறு நாளாகத் தவறாமல் நூறு ரூபாய் எடுத்துவைத்த கை அது. வாங்க ஆள் வராவிட்டால் அந்த நூறு ஒரே வாரத்தில் மாயமாகிவிடும். அதனால் அடுத்த நாளும் வாங்க ஆள் வர வேண்டும். அதே மாடியில் எல்லோரும் நம்பும் ஒரு பெண், பெரும்பாலும் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர், மாலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவார். நூறு முடியாவிட்டால் ஐம்பது. அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வாரம் ஒரு முறை குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்துவார். வீட்டில் உண்டியல் வைத்துச் சேமிப்பதைவிட இது நன்றாக நடக்கிறது. காரணம் எளிது: கதவைத் தட்டும் சத்தத்துக்குப் பழகிய வீடு அது. நூறு நாளில் பத்தாயிரம். அடுத்த முறை ஏலக் கூடைக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ பணம் தேவைப்பட்டால் 1,500 ரூபாய் வட்டி அவர்களிடமே தங்கும். அந்த மீன்கார அம்மா இப்போது தன் பணத்தில்தான் ஏலம் கேட்கிறார். மழைக் காலத்தில் மட்டும் தண்டலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார். வரட்டும். நான் கேள்வி கேட்பதில்லை.

குரூப் லோன் வேறு ரகம். அதில் கை வைக்க நான் யோசிப்பேன். பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அதனால் ஒருத்தியின் சிக்கலைத் தீர்க்கிறேன் என்று அந்தத் தவணையை நிறுத்தச் சொன்னால் ஒரு மாடி முழுவதும் சண்டை. சொல்ல வேண்டியது விதிகளைத்தான். ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகளின்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகக் கட்டும் தொகை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பிறகும் வசூலுக்காகத் தொல்லை கொடுக்கக் கூடாது. பேசி வைத்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு தடவையாவது வராமல் போனால்தான் வசூலுக்கு வீட்டுக்கு வரலாம். இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்வேன். படிவத்தில் எழுதப்படும் வருமானம் வேறு, வீட்டுக்கு வரும் வருமானம் வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அதனால் முதல் விதி ஏட்டோடு சரி. இரண்டாவதும் மூன்றாவதும் வேலை செய்கின்றன. இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று சத்தம் போடுகிறவரிடம் அட்டையைக் காட்டி, "நாளைக்கு ஒம்போது மணிக்கு மேல வாங்க சார்" என்று ஒரு பெண் சொன்னதைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டேன். அவர் போய்விட்டார்.

சீட்டு பிடிப்பதை நான் தடுப்பதில்லை. ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு எதுவானாலும், கணவர் கைக்கு எட்டாத சேமிப்பு பல வீடுகளில் அது ஒன்றுதான். பதிவு செய்யாத சீட்டு ஓடிப்போகும் அபாயம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, சீட்டு நடத்துகிறவர் இந்த பிளாக்கில் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று மட்டும் கேட்பேன்.

வரவுப் பக்கத்தில் இத்தனை வருடங்களில் நான் பார்த்த பெரிய மாற்றம் பஸ்தான். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு சொன்னது. தூரத்தில் இருக்கும் எங்கள் பெண்களுக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. பழைய வேலை வீடுகளில் ஒன்றிரண்டை மறுபடியும் பிடித்தவர்கள் உண்டு. அடுத்தது 2023 செப்டம்பரில் தொடங்கிய ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. முதல் மாதமே ஒரு கூத்து. எப்போதோ திறந்து மறந்துபோன வங்கிக் கணக்குகளில் பணம் விழுந்தது. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்ற பழைய அபராதத்துக்கு வங்கிகள் பிடித்துக்கொண்டன. "ஆயிரம் வந்துச்சுன்னு மெசேஜ் வந்துச்சுக்கா, உடனே போயிட்ச்சுன்னும் வந்துச்சு." அதைப் பூஜ்ய இருப்புக் கணக்காக மாற்ற ஒரு விண்ணப்பம் போதும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதை யாராவது சொல்ல வேண்டும். அதேபோல் மே கடைசி வாரம் கணக்கில் 460 ரூபாய் இருக்கட்டும் என்று சொல்லிவைப்பேன். ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு இரண்டுக்கும் அப்போதுதான் பிடிப்பார்கள். அந்த வாரம் பணம் இல்லாவிட்டால் காப்பீடும் இல்லை. ஜூனில் பள்ளி திறப்பதால் மே மாதத்தில் எந்த வீட்டிலும் 460 சும்மா கிடக்காது என்பதுதான் சிக்கல்.

பி.எஃப். பற்றித் தனியாகவே எழுதலாம். ராஜீவ் காந்தி சாலை ஐ.டி. கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங்கும் செக்யூரிட்டியும் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் குடியிருப்புகளிலிருந்து போகிறவர்கள்தான் என்று நினைக்கிறேன். சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பி.எஃபுக்குப் பிடிக்கிறார்கள். காண்ட்ராக்டர் மாறும்போது எண்ணும் மாறிவிடுகிறது. ஒருநாள் ஒரு பெண் துணிக்கடைக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார். ரேஷன் கார்டு நகல், ஒதுக்கீட்டு ஆணை, மூன்று கம்பெனி அடையாள அட்டைகள், ஓரம் நனைந்து காய்ந்து ஒட்டிப்போன சம்பளச் சீட்டுகள். அட்டைகளில் அவர் பெயர் மூன்று விதம். ஒன்றில் கணவர் பெயரின் முதலெழுத்து, ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஒன்றில் எழுத்தே இல்லை. பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, பி.எஃபில் ஜனவரி ஒன்று. சூப்பர்வைசர் கையில் வந்ததை எழுதியிருக்கிறார். பள்ளிச் சான்றிதழ் 2015 வெள்ளத்தில் போய்விட்டது. அவருக்குத் தெரியாமலேயே ஐம்பதாயிரத்துக்கு மேல் இரண்டு எண்களில் கிடந்தது. பெயரையும் தேதியையும் திருத்தி, எண்களை ஒன்றாக்கி, பணம் கைக்கு வர மாதங்கள் ஆயின. நடுவில் அவர் இரண்டு முறை "விட்டுடலாங்க்கா" என்றார். பணம் வந்ததும் தண்டல், நகைக் கடன் இரண்டும் தீர்ந்தன. வேலையில் இருக்கிறவர்களிடம் பி.எஃபை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் தினம் நூறு ரூபாய் தண்டல் கட்டுகிற வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது, எடுபடவும் தேவையில்லை.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எல்லாத் திட்டமும் பெண்களைச் சுற்றியே போடப்படுகிறது. பெயின்டர், லோடு ஆட்டோ ஓட்டுநர், சென்ட்ரிங் ஆள் என்று தினக்கூலியில் இருக்கும் கணவருக்கு மனைவியின் ஏழு கட்டத் தாள் தெரியாது. குடியும் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பெயின்டருக்கு ஆறு வாரம் வேலை இல்லை என்பதும் அந்தத் தாளில் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போனால் அவர் வீட்டில் இருப்பார், தெளிவாகவும் இருப்பார்.

பிள்ளைக்கு மாதச் சம்பள வேலை கிடைக்கும்போதுதான் குடும்பத்தின் கதை உண்மையில் மாறுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் கிடைக்கிறது. அது பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் போதும். பாதியில் நின்றுவிடாமல் இருப்பதற்கும் ஒரு காரணம். நேர்காணலில் முகவரியைக் கேட்டதும் முகம் மாறிவிடும் என்பதால் கண்ணகி நகர் என்று சொல்லாமல் துரைப்பாக்கம் என்று சொன்ன பிள்ளைகள் பலர். 2025-இல் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கி வந்த பிறகு சிலர் ஊர்ப் பெயரைச் சத்தமாகவே சொல்கிறார்கள். கடன் கொடுக்கும் சில இடங்களில் மட்டும் இந்த பின்கோடு இன்னும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வேலை கிடைத்த முதல் மூன்று மாதம் நான் அந்த வீட்டை விடுவதில்லை. முதல் சம்பளம் வங்கியில் விழுந்த அன்றே செல்போனில் கடன் அழைப்புகள் தொடங்கிவிடும். ஒரே தட்டில் ஐம்பதாயிரம். அம்மா பத்து வருடம் கதவைத் தட்டிய கடனில் கட்டியதைப் பிள்ளை சத்தமில்லாமல் போனில் கட்ட ஆரம்பித்துவிடும்.

பொருளாதாரத் தற்சார்பு அடைந்த குடும்பங்கள் எத்தனை என்று எங்கள் ஆண்டறிக்கையில் ஒரு கட்டம் உண்டு. நான் அதை நிரப்பும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சம்பாதிக்கிறவர் டெங்குவில் பதினைந்து நாள் படுத்தால், புதிதாகத் தண்டல் எடுக்காமல் அந்தக் குடும்பம் எழுந்து நிற்குமா? நிற்கும் என்றால் அந்தக் கட்டத்தில் ஒன்று கூட்டுவேன். கடனே இல்லாத வீடு என்று பார்த்தால் அறிக்கையில் பூஜ்யம்தான் வரும். நகைக் கடனும் ஒரு குரூப்பும் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிற வீடுகள் பல எனக்குத் தெரியும். ஐந்து வசூலை இரண்டாகக் குறைக்க இரண்டு வருடம் ஆகலாம். நிதி கொடுப்பவர்கள் ஆறு மாதத்தில் கேட்கிறார்கள். அவர்களோடு எனக்கு இதில் தீராத வழக்கு.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் வேலை செய்கிறவரோ, உங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறவரோ, அடுக்ககத்தில் காவல் இருப்பவரோ இந்தக் குடியிருப்புகளில் ஒன்றிலிருந்து வருகிறவராக இருக்கலாம். அவருக்குப் பழைய புடவையும் மிச்ச பிரியாணியும் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சம்பளத்தை மாதம் தவறாமல் ஒரே தேதியில் கொடுங்கள். நீங்கள் ஐந்து நாள் தள்ளிப்போட்டால் அந்த ஐந்து நாளுக்கும் அவர் வேறு ஒருவரிடம் வட்டி கட்டுகிறார். அவசரத்துக்கு முன்பணம் கேட்டால் வட்டியில்லாமல் கொடுத்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் எடுக்கும் காண்ட்ராக்டரிடம், பி.எஃபில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே ஏறியிருக்கிறதா என்று ஒரு முறை கேளுங்கள்.